சோர்ந்துபோகாத ஊழியம்: மானிப்பாய் கிறீன் வைத்தியரின் வாழ்வு காட்டும் வழி

விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்னும் மூன்றையும் பற்றித் தேவாலயங்களிலே நாம் அடிக்கடி கேட்கின்றோம். ஆனால், ஏற்றுக்கொண்ட ஊழியத்தை இடையிலே கைவிடாது இறுதிவரை செய்துமுடிக்கும் உறுதியைப் பற்றிக் கேட்பது அத்துணை அதிகமன்று. நற்காரியமொன்றைத் தொடங்கும் உற்சாகம் பலருக்கும் உண்டு. பத்து ஆண்டுகள் சென்றபின்பு, உடலும் தளர்ந்து, பாராட்டுவோரும் குறைந்து, பயன் கண்ணுக்குத் தெரியாதிருக்கும் வேளையிலும் அதே காரியத்தை அதே கருத்தோடு செய்பவர் மிகச் சிலரே.

பவுல் அப்போஸ்தலர் கலாத்திய நாட்டுச் சபைகளுக்கு எழுதிய நிருபத்தில், நன்மை செய்வதிலே மனந்தளரலாகாது என்று வற்புறுத்துகின்றார். தாலந்துகளைப் பற்றிய உவமையிலே எசமான் இரண்டு தாலந்து பெற்றவனையும் ஐந்து தாலந்து பெற்றவனையும் ஒரே விதமாகவே மெச்சுகின்றான். ஈட்டிய தொகை வேறுபட்டிருப்பினும், இருவரும் காட்டிய உண்மை ஒன்றே என்பது அதன் கருத்தாகும். இக்கருத்து ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதிலும் எவ்வாறு விளங்கிற்று என்பதை அறிய நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே ஒரு மருத்துவமனை இன்றும் கிறீன் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெயருக்குரியவர் யார், அவர் செய்தது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரு சகோதரர்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் மசச்சூசெற்ஸ் மாகாணத்திலே ஊஸ்ரர் என்னும் நகரில் 'கிறீன் ஹில்' எனப் பெயர் பெற்ற குடும்பப் பண்ணை ஒன்று இருந்தது. அங்கே 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீன் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது மூத்த தமையனார் அன்ட்றூ ஹஸ்வெல் கிறீன். தமையனார் நியூயோர்க் நகர நிருவாகத்திலே பெரும் பதவிகளை வகித்தவர். அந்நகரின் நடுவே அமைந்த புகழ்பெற்ற மத்திய பூங்கா உருவாவதற்கு முன்னின்று உழைத்தவர். 1898ஆம் ஆண்டில் அயலிலுள்ள நகரங்கள் நியூயோர்க்குடன் இணைக்கப்பட்டுப் பெருநகரம் தோன்றியபோது, அதற்கு மூலகாரணராகப் போற்றப்பட்டவரும் அவரே.

இளையவரும் அதே நியூயோர்க் நகரிலேதான் கல்வி பயின்றார். 1845ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். தமையனாரைப் போன்று அந்நகரிலேயே தங்கியிருப்பாராயின் செல்வமும் செல்வாக்கும் அவரையும் நாடி வந்திருக்கும். எனினும், அமெரிக்க மிஷனின் அழைப்பை ஏற்று, 1847ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். அதற்கு ஆறு மாதங்கட்கு முன்னர், 1846 ஒக்ரோபரில், அதே பொஸ்ரன் நகரத்து மருத்துவமனையிலேதான் ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்து நோயாளிக்கு நோவு தெரியாதபடி சத்திரசிகிச்சை செய்யும் முறை உலகறியச் செய்துகாட்டப்பட்டது. மருத்துவக் கலையிலே புதியதொரு காலம் பிறந்துகொண்டிருந்த வேளையில், அக்கலையின் நடுநாயகமாக விளங்கிய இடத்தை விட்டு, இருபத்தைந்து வயதேனும் நிரம்பாத அவ்விளைஞர் புறப்பட்டார். பல மாதக் கடற்பயணத்தின் பின் அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

முதற் பத்தாண்டு

யாழ்ப்பாணத்திலே மேனாட்டு மருத்துவ ஊழியம் கிறீனோடு தொடங்கியதன்று. அவருக்கு முன் ஜோன் ஸ்கடர் வைத்தியர் 1820ஆம் ஆண்டு முதலாகப் பண்டத்தரிப்பிலே பணியாற்றி, பின்னர் 1836இல் சென்னைக்குச் சென்றார். வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேர்த்தியாவார். ஸ்கடருக்குப் பின் வந்த நேத்தன் வார்ட் வைத்தியரும் தாயகம் திரும்பிவிட்டார். அவ்விடத்தை நிரப்பவே கிறீன் வந்தார். சில காலம் வட்டுக்கோட்டையில் இருந்து, 1848ஆம் ஆண்டில் மானிப்பாயைத் தமது நிலையான இருப்பிடமாக்கிக்கொண்டார்.

மேனாட்டு வைத்தியத்தை அக்காலத்து மக்கள் ஐயத்தோடு நோக்கியது வியப்பன்று. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்துவந்த நாட்டு வைத்தியரை விட்டு, மொழியும் முறையும் அறியாத அந்நியர் ஒருவரிடம் உயிரை ஒப்படைக்க யார்தான் தயங்காதிருப்பர்? வாந்திபேதியோ காலந்தோறும் ஊர்களைச் சூறையாடியது. அந்நோயை விளைக்கும் கிருமியை றொபேட் கொக் என்னும் ஜெர்மனிய அறிஞர் இனங்கண்டு உலகுக்கு அறிவித்தது 1884ஆம் ஆண்டிலாகும். கிறீன் மறைந்ததும் அதே ஆண்டிலேதான். ஆகவே, தமது ஊழிய காலம் முழுவதும் அவர் போராடியது காரணம் தெளிவாக அறியப்படாத ஒரு பகையோடு என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். எனினும் நோயாளர் தொகை ஆண்டுக்காண்டு பெருகி ஆயிரக்கணக்காயிற்று.

1850ஆம் ஆண்டிலே, வட மாகாணத்து அரசாங்க அதிபராயிருந்த டைக் துரையின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் ஒரு மருத்துவமனை நிறுவப்பட்டது. அதன் பணியிலும் கிறீனும் அவருடைய மாணாக்கரும் பங்குகொண்டனர்.

மாணாக்கர் என்றோம். இதுவே கிறீனுடைய ஊழியத்தின் உயிர்நிலையாகும். எத்துணை உழைத்தாலும் தாம் ஒருவர். தமக்குப் பின்னர் இம்மக்களைப் பார்ப்பவர் யார் என்னும் கேள்வி அவர் உள்ளத்திலே வந்த நாள் தொட்டு இருந்தது. ஆகையால், 1848ஆம் ஆண்டிலேயே சில இளைஞரைச் சேர்த்து மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். கொழும்பிலே அரசாங்க மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870ஆம் ஆண்டில் என்பதை ஒப்புநோக்கின், இந்தச் சிறு வகுப்பின் பெருமை விளங்கும். கட்டிட வசதியோ, போதிய கருவிகளோ, உடன் கற்பிப்பதற்கு வேறு ஆசிரியரோ இல்லாத நிலையில், பகலிலே நோயாளரைப் பார்த்தவரே பாடமும் நடத்தினார். இத்தகைய உழைப்பினால் உடல் நலம் குன்றி, 1857ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பவேண்டியதாயிற்று.

தமிழிலே கற்பித்தல்

பத்தாண்டு ஊழியம் செய்தாயிற்று, உடலும் இடங்கொடுக்கவில்லை, இனிச் சொந்த நாட்டிலே இருந்துவிடலாம் என்று அவர் எண்ணியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். ஆயினும், உடல் தேறியதும் 1862ஆம் ஆண்டில் மார்கறெற் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே மனைவியாருடன் மானிப்பாய்க்குத் திரும்பினார். இந்த இரண்டாம் வருகையிலேதான் தமது வாழ்வின் மிகக் கடினமான தீர்மானத்தை அவர் செயற்படுத்தினார். 1864ஆம் ஆண்டு முதலாக மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்பது அத்தீர்மானம்.

இதற்குக் காரணம் இருந்தது. முதற்காலத்து மாணாக்கர் ஆங்கிலத்திலே பயின்றவர்கள். கற்றுத் தேர்ந்ததும் அவர்களிற் பலரை அரசாங்க உத்தியோகம் கவர்ந்துகொண்டது. நல்ல சம்பளத்தின் பொருட்டு அவர்கள் வெளியிடங்களுக்குச் சென்றனர். சாவகச்சேரியிலும் சங்கானையிலும் நோயாற் கிடந்த ஏழைக்கு அக்கல்வியாற் பெரும் பயன் விளையவில்லை. தமிழிலே கற்றவனோ தன் ஊரிலே தங்குவான், தன் மக்களோடு வாழ்வான், அவர்கள் கொடுக்கக்கூடியதைப் பெற்று மனநிறைவோடு வைத்தியம் செய்வான் என்று கிறீன் கருதினார்.

அக்காலத்திலே ஆங்கிலம் வாழ்க்கைக்கு ஏணியாய் இருந்தது. பிள்ளையை உத்தியோகத்தனாக்க விரும்பிய பெற்றோருக்கு இத்தீர்மானம் இனிக்கவில்லை. 'ஆங்கிலம் இல்லாத படிப்பும் ஒரு படிப்போ?' என்னும் எண்ணம் பரவியிருந்த நாட்டிலே, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரே தமிழின் பக்கம் நின்றமை வியத்தற்குரியது. தம் மாணாக்கர் ஐரோப்பிய உடையையும் நடையையும் பின்பற்றுவதையும் அவர் விரும்பவில்லை. கிறிஸ்துவை அறிந்த தமிழன் தமிழனாகவே இருத்தல்வேண்டும். அவன் அந்நியனைப் போல மாறுவது சுவிசேஷத்துக்குத் தேவையானதன்று என்பது அவருடைய துணிபு.

சொல்லைத் தேடிய உழைப்பு

தமிழிலே கற்பிப்பது என்று தீர்மானித்தல் ஒரு நாளில் முடியும். கற்பிப்பதற்குரிய நூல்களை ஆக்குவதோ ஒரு வாழ்நாள் வேலை. அவ்வேலையைக் கிறீன் தமது முதற் பத்தாண்டிலேயே தொடங்கியிருந்தார். தமிழ் கற்று, உடலமைப்பும் சுகாதாரமும் பற்றிய நூலையும், பிரசவ வைத்திய நூலையும் தமிழிலே வெளிவரச் செய்தார். இரண்டாம் முறை வந்த பின்னர் அம்முயற்சி மேலும் விரிவடைந்தது. 1867இல் சத்திரசிகிச்சையை விளக்கும் 'இரண வைத்தியம்' வெளிவந்தது. 1872இல் உடலமைப்பைக் கூறும் 'மனுஷ அங்காதிபாதம்', நோயும் மருந்தும் கூறும் 'வைத்தியாகரம்' ஆகியன வெளிவந்தன. அங்காதிபாதத்துக்கு மூலம் கிறே என்பவரின் புகழ்பெற்ற நூலாகும். இலண்டனிலே 1858ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த அந்நூல், பதினான்கு ஆண்டுகளுள்ளே யாழ்ப்பாணத்து மாணாக்கனின் கையிலே தமிழ் வடிவிற் கிடைத்தது.

இப்பெருங்காரியத்தை அவர் தனித்துச் செய்யவில்லை. டன்வோத், சப்மன், போல், சுவாமிநாதன் முதலிய மாணாக்கர் உடனிருந்து உழைத்தனர். இவர்களிற் சிலருடைய பெயர்கள் அந்நியமாய்த் தோன்றினும், இவர்கள் அனைவரும் தமிழரே. மிஷன் பாடசாலைகளிலே சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க நாட்டு உபகாரிகளின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் அந்நாளில் இருந்தது. மாணாக்கர் மொழிபெயர்த்ததைக் கிறீன் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தினார்.

தமிழிலே இல்லாத கருத்துக்களுக்குச் சொல் வேண்டியிருந்ததே மிகப் பெரிய தடையாகும். நரம்பொன்றின் பெயரைத் தவறாக மொழிபெயர்த்தால் நகைப்புக்கிடமாவதோடு அது முடிந்துவிடாது. கத்தி பிடித்தவன் கை தவறும், உயிர் போகும். ஆகவே அவர் ஒரு நெறியை வகுத்துக்கொண்டார். முதலிலே தமிழிற் சொல் உண்டா என்று பார்த்தல். இல்லையாயின் வடமொழியை நாடுதல். அங்கும் பொருத்தமானது கிடையாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதுதல் என்பதே அந்நெறி. இரசாயன நூலுக்கு அவர் இட்ட 'கெமிஸ்தம்' என்னும் பெயர் இம்மூன்றாம் வழிக்கு எடுத்துக்காட்டாகும். ஆக்கிய சொற்களைத் தொகுத்து அருஞ்சொற் பட்டியல்களாகவும் வெளியிட்டார்.

இவ்வாறு வெளிவந்த நூல்களின் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் அவை 4,000க்கு மேற்படும். இத்தனையும் கிளர்ச்சியான ஒரு கணத்திலே செய்யப்பட்டதன்று. நோயாளர் கூட்டத்தைப் பார்த்து அனுப்பியபின் எஞ்சிய நேரத்திலே, யாழ்ப்பாணத்து வெயிலிலும் மண்ணெண்ணெய் விளக்கு அரிதாயிருந்த இரவுகளிலும், இன்று ஒரு பக்கம், நாளை ஒரு பக்கம் எனச் சேர்ந்தது. ஜெபமும் வேத வாசிப்பும் அவருடைய நாளிலே எவ்வாறு இடம்பெற்றனவோ, அவ்வாறே இப்பணியும் இடம்பெற்றது. தேவனுக்குச் செய்யும் ஊழியம் வேறு, மொழிபெயர்ப்பு வேறு என அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியும் ஓயாத கை

1873ஆம் ஆண்டில் உடல்நலக் குறைவு மீண்டும் அவரைத் தாயகத்துக்குத் திருப்பிற்று. இரு முறையும் சேர்த்து ஏறக்குறைய இருபத்தொரு ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலே வாழ்ந்தவர், இனி இந்நாட்டைக் காணமாட்டார். இவ்விடத்திலே அவருடைய கதையை முடிப்பவர்கள் அவரை முற்றும் அறியாதவர்களேயாவர். ஊஸ்ரர் நகரத்துப் பண்ணை வீட்டிலே இருந்துகொண்டு அவர் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்து செய்தார். பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தினார். 'கெமிஸ்தம்' 1875ஆம் ஆண்டிலும், உடற்றொழில்களை விளக்கும் 'மனுஷ சுகரணம்' 1883ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இரண்டும் அவர் மானிப்பாயை விட்ட பின்னர் வந்தவை என்பதைக் கவனிக்கவேண்டும்.

ஒரு கடிதம் சென்று சேர்ந்து மறுமொழி வருவதற்கு மாதக்கணக்கான காலம் செல்லும் நாட்கள் அவை. ஒரு சொல்லிலே ஐயம் எழுந்தால் அது தெளிவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும்! சுற்றிலும் தமிழ் அறிந்தவர் எவருமில்லாத ஊரிலே, நோயுற்ற ஒருவர் தமிழ் நூலைத் திருத்திக்கொண்டிருந்தார். அவரைக் கண்காணிப்பவர் யாரும் இல்லை. அவர் அப்பணியைக் கைவிட்டிருந்தால் அங்கே எவரும் அறிந்திருக்கவும் மாட்டார்கள். மனிதர் கண்ணுக்குச் செய்யும் ஊழியத்துக்கும் தேவன் முன்னிலையிலே செய்யும் ஊழியத்துக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய இடங்களிலேதான் தெரியும்.

1884ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் காலமானார். தாம் தமிழர்க்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதையே தம் கல்லறையிலே பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே ஊஸ்ரர் நகரத்துக் கல்லறை ஒன்றிலே, தமிழர் என்னும் பெயர் இன்றும் பொறிக்கப்பட்டிருக்கின்றது.

பயன் யாது?

இத்தனை உழைப்பின் பயன் யாது என வாசகர் வினவலாம். உண்மையை மறையாது கூறுதல் நன்று. கிறீன் பயிற்றிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழிலே பயின்றவர்கள். அவர்களால் நன்மை பெற்ற குடும்பங்கள் எண்ணிலடங்கா. ஆனால் அவர் கனவு கண்டவாறு தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. அவர் சென்றபின் அம்முயற்சி தளர்ந்து நின்றுவிட்டது. கொழும்பிலே ஆங்கில மருத்துவக் கல்வி ஓங்கிற்று. அவருடைய நூல்கள் வகுப்பறையை விட்டு அலுமாரிகளுக்குச் சென்றன. உலக வழக்கின்படி கணக்குப் பார்ப்போர் இதனைத் தோல்வி என்றே எழுதுவர்.

எனினும், விதைத்தவனே அறுக்கவேண்டும் என்னும் நியதி ஊழியத்திலே இல்லை. 1893ஆம் ஆண்டில் ஸ்கொற் தம்பதியர், இருவரும் வைத்தியர்கள், மானிப்பாய்க்கு வந்து அங்கே மருத்துவப் பணிக்குப் புத்துயிர் அளித்தனர். 1898ஆம் ஆண்டில் இணுவிலிலே பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென ஒரு மருத்துவமனை எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, இலங்கைப் பாடசாலைகளில் விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிக்கத் தொடங்கியபோது, 'இஃது இயலுமா?' என்று ஐயுற்றோருக்கு விடையாகக் கிறீனுடைய நூல்கள் எடுத்துக்காட்டப்பட்டன. கவிஞர் அம்பி 1967ஆம் ஆண்டில் 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலை எழுதி, மறக்கப்பட்டவரை மீண்டும் மக்கள் முன் நிறுத்தினார். ஆங்கிலமே கல்வி என்று கருதப்பட்ட காலத்திலே செய்த பணிக்கு, ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து மதிப்பு வந்தது. அதனைக் காண அவர் இருக்கவில்லை. காணவேண்டும் என்று அவர் அப்பணியைச் செய்யவுமில்லை.

நமக்கு உரியது

கிறீனைப் போன்று கடல் கடந்து செல்லும் அழைப்பு நம்மில் மிகச் சிலருக்கே வரும். ஆனால் அவர் இருந்தவாறு இருப்பதற்கு வேண்டிய வாய்ப்பு ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. படுக்கையிலே கிடக்கும் மாமியாரை ஆண்டுக்கணக்காகப் பராமரிக்கும் மருமகள், மந்த புத்தியுள்ள பிள்ளைக்கு அதே பாடத்தைப் பத்தாம் முறையும் முகஞ்சுளிக்காமற் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை, நான்கு பிள்ளைகளே வந்தாலும் ஞாயிறு பாடசாலையைத் தவறாது நடத்தும் முதியவர், இரவுக் கடமையிலே நோயாளி கூப்பிடுமுன் எழுந்து சென்று பார்க்கும் தாதி ஆகிய இவர்கள் செய்வதும் அதே ஊழியமே. இவர்களுக்குப் பத்திரிகையிலே புகழ்ச்சி இல்லை. சபையிலே மாலை இல்லை.

இத்தகையோருக்கு வரும் சோதனை பெரும் பாவமாக வருவதில்லை. சலிப்பாகவே வருகின்றது. 'இதனால் என்ன பயன்? யார் இதனை அறிவார்?' என்று அது மெல்லக் கேட்கும். அதற்கு நீண்ட விடை தேடவேண்டியதில்லை. அன்றைய நாளுக்குரிய பணியை அன்றைக்குச் செய்துவிடுதலே விடையாகும். நாளையைப் பற்றிய கவலையை ஆண்டவரிடம் விட்டுவிட வேண்டும்.

இன்னுமொன்றும் கிறீனிடமிருந்து நாம் கற்கத்தக்கது. விடாமுயற்சி என்பது பிடிவாதமன்று. ஆங்கிலத்திலே கற்பித்த வழி தக்க பயன் தரவில்லை என்று கண்டபோது, பல ஆண்டு நடத்திவந்த முறையை மாற்ற அவர் வெட்கப்படவில்லை. வழியை மாற்றினார், நோக்கத்தை மாற்றவில்லை. தாம் சேவிக்கும் மக்களுக்கு எது நன்மை என்பதையே அளவுகோலாகக் கொண்டார். தன் பெயரை நிலைநாட்ட உழைப்பவனால் அவ்வாறு மாறமுடியாது. அன்பினால் உழைப்பவனால் முடியும்.

ஆகவே, இவ்வாரத்திலே நாம் கைவிட்டுவிடலாம் என்று எண்ணியிருக்கும் நற்பணி ஏதேனும் இருக்குமாயின், அதனை மீண்டும் ஒருமுறை கையிலெடுப்போமாக. முழுவதையும் ஒரே நாளிலே முடிக்கவேண்டும் என்று ஆண்டவர் நம்மிடம் கேட்கவில்லை. நாலாயிரம் பக்கங்களும் ஒரு பக்கத்திலேதான் தொடங்கின.